கப்பல்கள் போன பிறகு: ஆம்ஸ்டர்டாம் வடகரைக் குறிப்புகள்

திங்கள்

ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்துக்கு இரண்டு முகங்கள். முன்வாசலில் கால்வாய்களும், சாய்ந்து நிற்கும் பழைய வணிகர் வீடுகளும், அவற்றைப் படம் பிடிக்கும் கூட்டமும். பின்வாசலில் அகன்ற நீர். எய் என்பது அதன் பெயர். முன்பு கடலின் ஒரு கிளையாக இருந்தது. 1876இல் வடகடல் கால்வாய் திறக்கப்பட்டதும் மதகுகளுக்குள் அடங்கிய துறைமுக நீராக மாறிவிட்டது. நாங்கள் வந்தது இந்தப் பின்வாசலுக்காகத்தான்.

நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா கட்டமைப்புப் பொறியாளர். ஒரு கட்டடத்தைக் காட்டினால் அதன் அழகைப் பற்றி ஒரு சொல் சொல்வாள். அது எப்படி நிற்கிறது என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். கைவிடப்பட்ட தொழிற்கூடங்களைப் பார்க்கப் போகிறேன் என்றதும், "நானும் வருகிறேன், நீ தனியாகப் போனால் சுவரில் உள்ள ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாய்" என்றாள். நல்ல துணை.

நிலையத்தின் பின்புறத்திலிருந்து வடகரைக்குப் படகுகள் போகின்றன. டிக்கெட் கிடையாது. சைக்கிளோடு ஏறுகிறார்கள், நின்றபடியே போகிறார்கள், இறங்குகிறார்கள். மேற்கே செல்லும் படகு கால் மணி நேரத்துக்குள் என்.டி.எஸ்.எம். துறையில் சேர்த்துவிடுகிறது. கரை நெருங்கும்போது முதலில் தெரிவது தனியாக நிற்கும் ஓர் உயரமான கிரேன். அதன் பின்னால் தகரமும் கண்ணாடியும் வேய்ந்த கூடங்கள்.

என்.டி.எஸ்.எம். ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 1894இல் தொடங்கிய ஒரு கப்பல் கட்டும் நிறுவனமும், கப்பல் பழுதுபார்க்கும் இன்னொரு நிறுவனமும் 1946இல் ஒன்றாயின. போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இது ஐரோப்பாவின் பெரிய கப்பல் தளங்களில் ஒன்று. எண்ணெய்க் கப்பல்கள், பயணிகள் கப்பல்கள், போர்க் கப்பல்கள் எல்லாம் இந்தச் சரிவு மேடைகளிலிருந்து எய் நீருக்குள் வழுக்கி இறங்கியவை. பிறகு 1970களின் எண்ணெய் நெருக்கடி வந்தது. எண்ணெய்க் கப்பல்களுக்கான தேவை சரிந்தது. ஜப்பானிய, கொரியத் தளங்கள் குறைந்த விலைக்குக் கட்டிக் கொடுத்தன. 1984இல் மிச்சமிருந்த பகுதியும் திவாலானது. பல தலைமுறைகளாகப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்கு வந்துபோன மக்களுக்குத் தளத்தின் வாயில் மூடப்பட்டது.

இன்று மாலை கூடங்களுக்குள் போகவில்லை. வெளியே மட்டும் நடந்தோம். சரிவு மேடை ஒன்றின் மேல் ஏறி நின்றபோது அதன் பருமன் புரிந்தது. ஒரு முழுக் கப்பலின் எடையைத் தாங்கவும், அதை நீருக்குள் நகர்த்திவிடவும் போட்ட கான்கிரீட். அக்கா குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தாள். இதை இடிக்கவே ஒரு தொழிற்சாலை வேண்டும் என்றாள். கைவிடப்பட்ட பல கட்டுமானங்கள் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்தான். அவற்றின் மேல் யாருக்கும் அன்பு இருந்ததால் அல்ல, இடிக்கும் செலவைக் கண்டு எல்லோரும் தள்ளிப்போட்டதால் அவை நின்றன. அந்தத் தள்ளிப்போட்ட ஆண்டுகளில்தான் யாரோ ஒருவர் அவற்றைப் பார்க்கிறார்.

செவ்வாய்

இன்றைய நாள் முழுவதும் ஒரே கட்டடத்துக்குப் போனது. அதற்கு அது தகுதியானதுதான்.

கிரான்ஸ்போர் என்பது கிரேன்கள் ஓடுவதற்கான தண்டவாளப் பாதை. 1952இல் யே.டி. போஸ்ட்மா என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் நீரின் விளிம்பில் எழுப்பப்பட்டது. நீளம் 270 மீட்டர். உயரம் 13.5 மீட்டர். அகலமோ வெறும் 8.7 மீட்டர். கரையோரமாகக் கான்கிரீட் தூண்கள் வரிசையாக எழுந்து ஒரு நீண்ட மேடையைத் தாங்குகின்றன. அந்த மேடையின் மேல் கிரேன்கள் முன்னும் பின்னும் ஓடி, பக்கத்தில் கட்டியிருந்த கப்பல்களுக்குப் பளு இறக்கின. தளம் மூடிய பிறகு கிரேன்களும் போய்விட்டன. எங்கிருந்தும் எங்கும் போகாத ஒரு பாலம் மட்டும் நின்றது. நகராட்சிக்கு அது ஒரு தலைவலி. இடித்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது.

1997இல் ட்ரூடே ஹோய்காஸ் என்ற பெண் கட்டடக் கலைஞர் தன் அலுவலகத்துக்கு இடம் தேடி இந்தப் பக்கம் சைக்கிளில் வந்தவர் இதைக் கண்டார். இதன் மேலேயே ஒரு கட்டடம் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றுவது எளிது. பத்து ஆண்டுகள் விடாமல் நின்று 2007இல் அதைக் கட்டி முடித்ததுதான் பெரிது.

நீரோரமாக நடந்து தூரத்திலிருந்து பார்த்தோம். கீழே கறுத்து, கறை படிந்து, விளிம்புகள் உடைந்த கான்கிரீட். அதற்கு மேல் ஏறக்குறைய மூன்று மீட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மெல்லிய எஃகுக் கால்கள். அதற்கும் மேல் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம், அதே 270 மீட்டர் நீளத்துக்கு. பழைய மேடையின் இரு ஓரங்களையும் தாண்டிப் புதிய கட்டடம் வெளியே நீண்டிருக்கிறது. வானம் மங்கலாக இருந்ததால் கண்ணாடி வானத்தோடு கலந்துவிட்டது. கான்கிரீட் மட்டும் நீர்மேல் அழுத்தமாக நின்றது.

"அந்த இடைவெளியைப் பார், அதில்தான் எல்லாம் இருக்கிறது" என்றாள் அக்கா. பிறகு அவளுடைய அரை மணி நேரம் தொடங்கியது. எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

இந்தத் தூண்கள் கிரேன்களுக்காகக் கணக்கிடப்பட்டவை. கிரேனின் எடை சக்கரங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் குவியும். கிரேன் நகர்ந்தால் அந்த எடையும் நகர்ந்துவிடும். அலுவலகக் கட்டடமோ முழு நீளத்துக்கும் எப்போதும் உட்கார்ந்திருக்கும். ஆக, அடித்தளத்தூண்கள் எவ்வளவு தாங்கும் என்பதே புதிய கட்டடத்தின் எடையை முடிவு செய்தது. கனமான கான்கிரீட் தளங்களைப் போட முடியாது. எஃகுச் சட்டமும், குழாய்களையும் கம்பிகளையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் மெலிந்த தளங்களும் கொண்டு எடையைக் குறைத்தார்கள். வெளிச்சுவர் இரண்டு அடுக்குக் கண்ணாடி. வெளி அடுக்கின் பலகைகள் திறந்து மூடக்கூடியவை. சூடாக்கவும் குளிர்விக்கவும் எய் நீரையே பயன்படுத்துகிறார்கள். புதிதாக நிலத்தில் எதையும் நட வேண்டியிருக்கவில்லை. பழைய மேடைக்குள் இருந்த நடைபாதைகளும் படிக்கட்டுக் கோபுரங்களும் மீண்டும் வேலைக்கு வந்தன.

பழையதன் மேல் புதியது கட்டும்போது இரண்டையும் ஒன்றாகப் பூசி மறைத்துவிடும் பழக்கம் எங்கும் உண்டு. எது எந்தக் காலத்தது என்று தெரியாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம். இங்கே அந்த மூன்று மீட்டர் இடைவெளி அதை மறுக்கிறது. இது வரைக்கும் அவர்கள் கட்டியது, இதற்கு மேல் நாங்கள் கட்டியது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கான்கிரீட்டின் கறையைக்கூடத் தேய்த்து அழகாக்கவில்லை. இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உள்ளே அலுவலகங்கள். வரவேற்பு மேசை வரை போக முடிந்தது, அதற்கு மேல் அனுமதி இல்லை. அது நியாயமே. ஆனாலும் கரையில் திரும்பி நடக்கையில் அக்காவிடம் சொன்னேன்: இங்கே வேலை செய்தவர்கள் யாரும் இப்போது மேலே போக முடியாது இல்லையா? அக்கா கொஞ்சம் யோசித்தாள். "இடித்திருந்தால் கீழே நின்று பார்க்கக்கூட ஒன்றும் இருந்திருக்காது" என்றாள். அவள் சொன்னது சரி. என் கேள்வியும் சரி என்றே இன்னும் நினைக்கிறேன்.

புதன்

மழை. நடப்பதற்கான நாள் அல்ல.

தனியாக நிற்கும் அந்தக் கிரேனை மட்டும் பார்த்தோம். 13ஆம் எண் கிரேன். உயரம் ஏறக்குறைய 50 மீட்டர். தளம் மூடிய பிறகு பல ஆண்டுகள் துருப்பிடித்து, இனி நிற்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2013இல் அதைக் கழற்றி, நாட்டின் வடக்கே ஃபிரானேக்கரில் உள்ள ஒரு தளத்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, மீண்டும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2014 முதல் அது ஃபரால்டா என்ற ஹோட்டல். மொத்தம் மூன்றே அறைகள். பலமாகக் காற்று அடித்தால் கிரேனின் தலை இன்னும் திரும்புமாம்.

கிரேனைக் காப்பாற்றியது நல்ல செயல், ஐயமில்லை. அதன் உருவம் இல்லாத இந்தக் கரையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று அறைக்காரர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் ஒன்றை மறுபயன்பாட்டின் சிறந்த உதாரணமாகப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்ப்பதற்கு வியப்பு, படத்துக்கு அழகு. ஓர் ஊருக்கு அதனால் என்ன என்பது வேறு கேள்வி.

பக்கத்தில் பழைய வெல்டிங் கூடத்தின் வெளிச்சுவரில் ஆன் ஃபிராங்கின் முகம், பிரேசில் ஓவியர் எட்வர்டோ கோப்ரா 2016இல் வரைந்தது. வண்ணக் கட்டங்களால் ஆன அந்த முகம் மழையில் இன்னும் பளிச்சென்று இருந்தது. கூடத்துக்குள் 2020 முதல் ஸ்ட்ராட் என்ற தெருக்கலை அருங்காட்சியகம். கப்பலின் பாகங்களைப் பற்றவைத்த இடம் என்பதால் எட்டாயிரம் சதுர மீட்டர், திறந்த வெளி போன்ற பரப்பு. ஓவியங்கள் ஒவ்வொன்றும் வீட்டுச் சுவரைவிடப் பெரியவை. கலைஞர்களை இங்கேயே வரவழைத்து இங்கேயே வரையச் செய்கிறார்கள். எந்தச் சாதாரண அருங்காட்சியகத்தின் கதவு வழியாகவும் இந்த ஓவியங்கள் நுழைய முடியாது. கட்டடத்தின் அளவு கலையின் அளவை மாற்றியிருக்கிறது. அங்கேயே மழை விடும்வரை இருந்தோம்.

வியாழன்

தென்கரை. மத்திய நிலையத்திலிருந்து மேற்கே நீரோரமாக நடந்தால் தானியக் குதிர்கள் வருகின்றன.

முதலாவது செங்கல்லால் ஆனது, 1896இல் கட்டத் தொடங்கியது. கோட்டை மதில் போன்ற தோற்றம். இரண்டாவது கான்கிரீட், 1952. கப்பலில் வந்த தானியத்தை உறிஞ்சி ஏற்றி, உயரமான குழிகளில் கொட்டி வைக்கும் இடங்கள். 1980களின் இறுதியில் அந்த வேலை நின்றது. பிறகு இடம் கேட்காமலே ஆட்கள் உள்ளே குடியேறினார்கள்: கலைஞர்கள், இசைக்காரர்கள், வீடு கிடைக்காதவர்கள். 1990களின் பெரும்பகுதி இந்தக் குதிர் அவர்களுடையதாக இருந்தது. தங்கினார்கள், நாடகம் போட்டார்கள், கச்சேரி வைத்தார்கள். காலிக் கட்டடங்களில் இப்படிக் குடியேறுவது நெதர்லாந்தில் நீண்ட காலம் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. 2010 அக்டோபர் 1 முதல்தான் அது முழுமையாகக் குற்றமாக்கப்பட்டது.

அந்தக் குதிர் இன்று அடுக்குமாடி வீடுகள். ஒரு தானியக் குதிரை வீடாக்குவது எவ்வளவு கடினம் என்று அக்கா விளக்கினாள். கிடங்கு என்றால் தளங்கள் இருக்கும், சன்னல்கள் இருக்கும். குதிருக்குள் தளமே கிடையாது. மேலிருந்து கீழ்வரை நேரான குழிகள். வெளிச்சத்துக்கு அங்கே தேவையே இருந்ததில்லை. தானியத்தின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் சுவர்களைத் திறந்து சன்னல் வைக்க வேண்டும், குழிகளுக்குக் குறுக்கே தளங்கள் போட வேண்டும், அதே சமயம் கட்டடம் சரியாமலும் இருக்க வேண்டும். அதை இவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று அவள் நின்று நின்று பார்த்தாள்.

குதிர்கள் நிற்கும் அணையின் முனையில் சிலோடாம். எம்.வி.ஆர்.டி.வி. என்ற நிறுவனம் வடிவமைத்த புதிய கட்டடம், 157 வீடுகள், பத்து மாடிகள், நீரில் நிற்கும் தூண்களின் மேல். கன்டெய்னர்களை வண்ண வண்ணமாக அடுக்கிய தோற்றம். துறைமுகத்தை நினைவூட்டும் புதுக் கட்டடம் அது. பக்கத்தில் துறைமுகமாகவே இருந்த பழைய குதிர்கள். எனக்கு மனம் போனது குதிர்களின் பக்கம்தான். அந்தச் செங்கல்லில் நிலக்கரிப் புகையின் கருமை இன்னும் இருக்கிறது.

குதிரிலிருந்தவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விதான் இந்தப் பயணத்தின் நூல் என்று இன்று எனக்குத் தெளிவாயிற்று. 1990களில் இந்தக் கரை நெடுகிலும் இதே கதை. கிழக்குத் துறைமுகத்தில் ஃபிரீஸ்ஹவுஸ் அமெரிக்கா என்ற பழைய குளிர்பதனக் கிடங்கில் இருந்தவர்கள் 1997இல் வெளியேற்றப்பட்டார்கள். ஒவ்வொரு கிடங்காகக் காலி செய்யப்பட்டது. நீர்க்கரை விலைமதிப்புள்ள நிலமாகிக்கொண்டிருந்தது. யாரும் சீந்தாத காலத்தில் அந்தக் கட்டடங்களின் கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்கள், விளக்கேற்றி வைத்திருந்தவர்கள், ஊருக்கு அவை இருக்கின்றன என்று காட்டியவர்கள் இவர்கள். விலை ஏறியதும் முதலில் வெளியே போனவர்களும் இவர்களே. மறுபயன்பாட்டைப் பற்றிய பெரிய பெரிய படப் புத்தகங்களில் இந்த இடைக்காலத்துக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. பழையது ஒரு படம், புதியது ஒரு படம். நடுவில் இருந்த பத்தாண்டைக் காணோம்.

ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அவர்கள் சும்மா போகவில்லை. கிடங்குகளில் இருந்தவர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்கள் கருத்தை எழுத்தில் வைத்தார்கள்: நகரத்தை ஒரு கூடாக, அதாவது வெற்று வெளிச்சட்டமாக, விடுங்கள்; கூட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே நிரப்புவதைப் பயன்படுத்துகிறவர்களிடம் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். நகராட்சியும் கலைஞர்கள் போய்விட்டால் நகரம் எப்படி இருக்கும் என்று உணர்ந்து, 2000ஆம் ஆண்டு வாக்கில் குறைந்த வாடகைக் கலைக்கூடங்களுக்கு நிதி ஒதுக்கும் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. அதன் மிகப் பெரிய சோதனை வடகரையில் நடந்தது. சனிக்கிழமை அங்கே போகிறோம்.

திரும்பும் வழியில் ஹவுட்ஹாவன்ஸில் ரெம் தீவைப் பார்த்தோம். இதன் வரலாறு விசித்திரமானது. 1964இல் அயர்லாந்தின் கார்க் நகரில் செய்து, நூர்ட்வைக் கரைக்கு வெளியே கடலில் நட்ட ஓர் எஃகு மேடை. அரசின் எல்லைக்கு வெளியிலிருந்து உரிமம் இல்லாமல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒலிபரப்பினார்கள். சில மாதங்கள்தான். அவசரமாக ஒரு சட்டம் இயற்றி, டிசம்பர் 17 அன்று ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி நிறுத்தினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் கடலை அளக்கும் நிலையமாக அரசுக்கே வேலை செய்தது. 2006இல் கழற்றப்பட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு, 2011இல் உணவகமாகத் திறந்தது. சிவப்பும் வெள்ளையுமாக நீர்மேல் உயரமான கால்களில் நிற்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

வெள்ளி

வடகரையில் ஒரு பக்கக் கால்வாயோரம் டெ செவெல். இதுவும் பழைய கப்பல் தளம்தான், ஆனால் இங்கே காப்பாற்றுவதற்குக் கட்டடம் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது நஞ்சேறிய மண் மட்டும். கப்பலின் வண்ணங்களும் உலோகத் தூளும் எண்ணெயும் பல ஆண்டுகள் இறங்கிய மண். தோண்டி அள்ளினால் பெரும் செலவு. அதனால் சும்மா கிடந்தது.

நகராட்சி அந்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்குப் பயன்படுத்தத் தருவதாக அறிவித்தபோது ஒரு குழு வென்றது. அவர்கள் செய்தது இது: உடைக்கப்படவிருந்த பழைய படகு வீடுகளைச் சேகரித்தார்கள், செப்பனிட்டார்கள், கிரேனால் தூக்கித் தரையில் வைத்தார்கள். அடித்தளம் தோண்ட வேண்டியதில்லை, மண்ணைத் தொட வேண்டியதில்லை. படகுகளுக்கு இடையே மரப்பலகைப் பாதை. மண்ணில் கால் படாமல் அதன் மேலேயே நடக்க வேண்டும். படகுகளைச் சுற்றிலும் புற்களும் வில்லோ போன்ற செடிகளும். சில செடிகள் கன உலோகங்களை வேர் வழியாக உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும், வேறு சிலவற்றின் வேரோரம் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும். செடிகளை அறுத்து அப்புறப்படுத்தினால் நஞ்சின் ஒரு பகுதியும் வெளியேறும். 2014இல் திறந்தார்கள்.

செடிகள் பத்தாண்டுகளில் எல்லா நஞ்சையும் எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த முறை மெதுவானது, வேர் போகும் ஆழம் வரைக்கும்தான் வேலை செய்யும். ஆனால் காத்திருக்கும் நேரத்தையும் வீணாக்காமல், அந்த நேரத்தில் மண்ணையும் கொஞ்சம் நலமாக்கலாம் என்ற எண்ணத்துக்குத் தலைவணங்குகிறேன். கரை தட்டிய படகுகளுக்குள் ஆட்கள் கணினி முன் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். சன்னல் விளிம்பு வரை நாணல் வளர்ந்திருந்தது. அக்கா இங்கே அதிகம் பேசவில்லை. கணக்கிட ஒன்றுமில்லை என்றாள். வெகுநேரம் பலகையில் உட்கார்ந்திருந்தது என்னவோ அவள்தான்.

சனி

கப்பல் கட்டும் பெருங்கூடத்துக்கு இன்று போனோம். இதற்காகத்தான் மற்ற நாட்கள் எல்லாம் என்று சொன்னாலும் தகும்.

1920களில் எழுந்த இந்தக் கூடத்தின் பரப்பு ஏறக்குறைய இருபதாயிரம் சதுர மீட்டர். கூரை இருபது மீட்டர் உயரத்தில். கண்ணாடிப் பட்டைகள் வழியே மேலிருந்து விழும் வெளிச்சம் கீழே வருவதற்குள் மென்மையாகிவிடுகிறது. அந்தப் பெரிய கூரைக்குக் கீழே ஒரு சிறிய ஊர் இருக்கிறது. தெருக்கள், சந்துகள், இரண்டு அடுக்கு வீடுகள் போன்ற கலைக்கூடங்கள், படிக்கட்டுகள், பெயர்ப்பலகைகள். குன்ஸ்ட்ஸ்டாட், அதாவது கலை நகரம், என்று அழைக்கிறார்கள்.

இது உருவான விதம் கேளுங்கள். 1999இல் நகராட்சி இந்தக் கூடத்துக்கு யோசனைகள் கேட்டது. எவா டே கிளர்க்கும் கலைஞர்கள், நாடகக்காரர்கள், ஸ்கேட்டிங் இளைஞர்கள் கொண்ட குழுவும் கினேட்டிஷ் நோர்ட் என்ற அமைப்பாகப் போட்டியிட்டு வென்றார்கள். கிடங்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுதி வைத்த அந்தக் கூடு யோசனை இங்கே செயலுக்கு வந்தது. நகராட்சியின் பணம் பெரும்பாலும் கூட்டுக்குப் போனது: கூரை, தீப்பாதுகாப்பு, மின்சாரம், நடுவில் ஓர் எஃகுச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, உள்ளே நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். சுவர், கதவு, சன்னல் எல்லாம் அவரவர் கைவேலை. அதனால்தான் ஒரு கூடத்தின் முகப்பு பழைய கதவுகளால் ஆனது, அடுத்தது ஒட்டுப்பலகை, அதற்கடுத்தது முழுவதும் கண்ணாடி. தாங்களே கட்டியதால் வாடகை குறைவாக நின்றது.

அக்காவுக்கு இதில் ஒரு நுட்பம் பிடித்திருந்தது. பெருங்கூடத்தைச் சூடாக்க முயன்றிருந்தால் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவ்வளவு காற்றை எவராலும் சூடாக்க முடியாது. பெருங்கூரை மழையையும் காற்றையும் மட்டும் தடுக்கிறது. உள்ளே உள்ள சிறு அறைகள் மட்டும் வெப்பம் காக்கின்றன. மழை படாததால் உள்சுவர்களுக்கு மலிவான பொருளே போதும். "பழைய கட்டடத்தை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைத்தால் பாதிக்கு மேல் திட்டங்கள் பணத்திலேயே சாகும். எதைச் செய்யாமல் விடலாம் என்று தெரிந்தவர்கள்தான் பிழைக்க வைத்திருக்கிறார்கள்" என்றாள். இதை அவள் அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

மரச்சிற்பம் செய்யும் ஒரு பெரியவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். பார்க்கலாமா என்று கேட்டதும் உள்ளே அழைத்தார். தன் தளத்தையும் ஏணியையும் தானே செய்ததாகச் சொன்னார். சுவரில் கப்பல் தளத்தின் பழைய படம் ஒன்று; படத்தில் இதே தூண், இதே எண். தூணை எங்களுக்குக் காட்டினார். வெளியேற்றப்படுவோம் என்ற பயம் இப்போது இல்லையா என்று கேட்டேன். சுற்றிலும் எழும் அடுக்குமாடிகளைக் கையால் காட்டினார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கூட்டம் போட்டு உட்காருகிறார்களாம். கணக்கு வழக்கு படித்த ஒருவரை எப்போதும் தங்கள் நடுவில் வைத்துக்கொள்வதாகச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

உண்மைதான், இந்தக் கரை மாறிவிட்டது. 2007இல் பழைய தச்சுக்கூடத்துக்குள் எம்.டி.வி. தொலைக்காட்சி நிறுவனம் வந்தது, பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள் அடுத்தடுத்து வந்தன. கலைஞர்கள் இருப்பதால் வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்ததால் நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏறினால் கலைஞர்கள் போக வேண்டியிருக்கும். குதிரில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க ஒரே வழி, குறைந்த வாடகையை நல்லெண்ணத்தில் விடாமல் ஒப்பந்தத்தில், நீண்ட ஆண்டுகளுக்கு, எழுத்தில் பதிப்பது. ஒரு நகராட்சி கைவிடப்பட்ட கிடங்கை எடுத்துப் புதுவாழ்வு தரப்போகிறேன் என்று அறிவிக்கும்போது வரைபடத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். குத்தகைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, யார் பெயரில், வாடகை எதன்படி ஏறும் என்று கேளுங்கள்.

இங்கே வர நினைப்பவர்களுக்கு: பெருங்கூடத்தின் பொதுவழிகளில் நடக்கலாம். ஆனால் கலைக்கூடங்கள் பணியிடங்கள். கதவு திறந்திருந்தாலும் கேட்டுவிட்டு நுழையுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மாதந்தோறும் பழைய பொருள் சந்தை நடக்கும் வார இறுதியில் கூட்டம் தாங்காது. கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் மற்ற நாட்களில் வாருங்கள். கிரான்ஸ்போரை நீர்ப்பக்கத்திலிருந்து, படகில் போகும்போதே கவனியுங்கள். கட்டடத்தின் அடியில் நின்று பார்த்தால் அந்த மூன்று மீட்டர் இடைவெளி சரியாகத் தெரியாது. சரிவு மேடையில் ஏறும்போது காற்று பலமாக இருக்கும். பொறியாளர் யாராவது உடன் வந்தால் மிகவும் நல்லது.